நாற்பத்தொன்றாம் பாட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீயும் மச்சானும் சுகம்தானே. உன் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? எனக்கு இரத்த அழுத்தம் பழையபடிதான். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போது கொஞ்சம் கூடியிருக்கும்.

போனில் பேசினால் நான் கத்துகிறேன் என்று நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

நீ மூன்று வருடத்துக்கு முன் அனுப்பிய அத்தாவின் உரை நோட்டுகளைப் படியெடுத்து முடித்துவிட்டேன். எழுநூறு பக்கம். அச்சகத்தில் பகலெல்லாம் மற்றவர்களின் புத்தகங்களில் பிழை பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் இதைச் செய்தேன். அறுபத்திரண்டு பாட்டுக்கு உரை இருக்கிறது. பாட்டு எத்தனை இருக்கிறது? பத்தொன்பது. அவர் காலமான பிறகு ஊர்க்காரர்கள் தாங்களாகக் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பத்தொன்பதுதான்.

முன்னுரை எழுதும் பேராசிரியருக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. உப்புக் கிடங்கில் எடை குறித்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு முன்னறையில் சூஃபி நூல்களுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தார், கஷ்டம் என்று வந்தவருக்கெல்லாம் ஒரு பாட்டு எழுதி மடித்துக் கொடுத்தார், பிரதி வைக்கவில்லை, அப்புறம் சாவகாசமாகத் தன் பாட்டுக்குத் தானே உரை எழுதினார் என்றேன்.

"அப்ப பாட்டெல்லாம் வாங்கினவங்ககிட்ட இருக்குமே?" என்றார்.

"பாதிப் பேர் கஷ்டம் தீரும்னு தண்ணியில கழுவிக் குடிச்சிட்டாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடிச்சிட்டாங்களா?"

"மை கருக்கின அரிசியில செஞ்சது. வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது."

பதிப்பாளர் டிசம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறார். எந்தப் பாட்டு யாருக்கு என்று அத்தா நோட்டில் குறித்திருக்கிறார். தையற்காரருக்கு, பஸ் டிரைவருக்கு, பிரசவ நர்சுக்கு என்று. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்றுக்கு மட்டும் யாருக்கு என்ற இடம் காலியாக இருக்கிறது. ஆனால் அதற்குத்தான் பதினொரு பக்கம் உரை. அத்தாவின் மொத்த ஞானமும் அதில்தான் இருக்கிறது, அந்தப் பாட்டு இல்லாமல் புத்தகம் போட்டால் தலையில்லாத முண்டம் என்கிறார் பேராசிரியர். நீ அங்கேயே இருக்கிறாய். கேட்டு வாங்கு.

பெற்ற மகனுக்கு ஒரு வரிப் பாட்டு எழுதாத மனிதருக்கு நான் எழுநூறு பக்கம் பிழை திருத்துகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மச்சானுக்கு என் ஸலாம்.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பி வாலுவுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் இறங்க விடுகிறது, ஏறத்தான் விடமாட்டேன் என்கிறது. உன் அழுத்த மாத்திரையைக் காலையில் சாப்பிடுகிறாயா, நினைவு வரும்போது சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன், உன்னைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

பட்டியல் கிடைத்தது. தையற்காரரிடம் போனேன். கடையை இப்போது மகள் நடத்துகிறாள். அவர் மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவளுக்கு வேலை செய்யத் தெரியவில்லை என்று சொல்வதை வேலையாக வைத்திருக்கிறார். பாட்டைக் குடித்தவர்தான். ஆனால் குடிப்பதற்கு முன்னால் நெட்டுருப் போட்டுவிட்டாராம். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

ஊசி போன வழியே நூல் போகிறது,
நூல் போன வழியே நான்.
கிழிந்த இடம் எதுவென்று என்னைக் கேட்காதே,
தைக்கிறவனைக் கேள்.

இருபதாவது ஆகிவிட்டது. திட்டாதே, மெதுவாகத்தான் போகும். கவுண்டரில் ஆள் குறைவு. வீட்டில் வாசல் கதவு வேறு காற்றடித்தால் திறந்துகொள்கிறது. அத்தா கழற்றிய உள்தாழ்ப்பாள் கழற்றியபடியே இருக்கிறது. தச்சரைக் கூட்டிவருகிறேன் என்று உன் மச்சான் மூன்று தடவை போய் மூன்று தடவையும் டீ குடித்துவிட்டு வந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். மாத்திரை காலையில்தான் சாப்பிடுகிறேன், என் மனைவி சாட்சி.

எனக்கு ஐம்பத்தொரு வயது. முன்மண்டையில் முடி இல்லை. வாலு என்று உறையின் மேலேயே எழுதி அச்சக முகவரிக்கு அனுப்புகிறாய். அச்சுக் கோக்கிறவர் இரண்டு நாளாக "வால் சார், ப்ரூஃப் ரெடி" என்கிறார். தயவுசெய்து நிறுத்து. அத்தா வைத்த பெயர் அவரோடு போகட்டும்.

தையற்காரர் பாட்டு நன்றாக இருக்கிறது. இரண்டாவது தடவையும் படித்தேன். அதற்குப் பிறகு கோபம்தான் வந்தது. இப்படி எழுதத் தெரிந்த மனிதர் அம்மா படுக்கையில் கிடந்தபோது முன்னறையில் உட்கார்ந்து யாரோ ஒரு லாரிக்காரருக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா இறந்துபோன வாரம் நான் அவரிடம் கேட்டது உனக்கு நினைவிருக்கும், நீயும் அங்கேதான் நின்றாய். "நான் என்ன கஷ்டப்பட்டா எனக்கு ஒண்ணு எழுதுவீங்க?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் வீட்டைவிட்டே கிளம்பி வந்துவிட்டேன்.

பழைய கதை போகட்டும். நாற்பத்தொன்று பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாருக்கு எழுதியதாக இருக்கும்? முன்னறைக்கு நீதான் டீ கொண்டுபோவாய். வந்து போனவர்கள் எல்லோரையும் நீதான் பார்த்திருக்கிறாய்.

தாழ்ப்பாளை முதலில் சரிசெய். திறந்த வீட்டில் இரண்டு கிழடுகள் படுத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உறையின் மேல் வாலு போடவில்லை, கவனித்தாயா? எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. உன் மனைவியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். எரிகிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

பிரசவ நர்சைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். பாட்டை அலமாரிக் கதவின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாராம். மருமகன் போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அலமாரிக்கும் சேர்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். நர்ஸம்மா கதவைத் திறந்து காட்டினார். உற்றுப் பார்த்தால் காகிதத்தின் நான்கு ஓரம் மட்டும் மேடாகத் தெரிகிறது. விரலால் தடவிப் பார்த்தேன், வேறென்ன செய்ய.

பஸ் டிரைவர் முதலில் தரமாட்டேன் என்றார். "எங்கிட்ட இருக்கு. ஆனா அது எனக்கு எழுதினது. புத்தகத்துல போட்டா கண்டவனும் படிப்பான்" என்றார்.

"உங்க பேரு வராது, பஸ் டிரைவருக்குன்னுதான் வரும்" என்றேன்.

"ஊர்ல வேற எந்த டிரைவர் வண்டியக் கொண்டுபோயி மரத்துல விட்டான்? எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றார். அவர் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு இரண்டு வரியை மட்டும் மெதுவாகச் சொன்னாள். 'ஓட்டுகிறவன் நான் என்று இருந்தேன், சாலை சிரித்தது.' மீதியைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தாவின் வழக்கம் உனக்கே தெரியும். கொடுத்ததை அவர் திரும்பக் கேட்டதில்லை. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் கேளாமல் படிக்கவும் விடமாட்டார்.

இன்னும் நான்கு பேரிடம் போனேன். நான்கு பேரும் குடித்துவிட்டார்கள்.

தச்சர் ஊரில் இல்லையாம்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

ஸலாம். என் மனைவிக்குக் கண் தெளிந்துவிட்டது. இப்போது நான் சட்டையில் மை வைத்துக்கொண்டு வருவதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

நீ நான்கு பக்கம் எழுதினாய். பெயிண்ட் என்ன நிறம் என்பதுவரை எழுதினாய். நாற்பத்தொன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிழை திருத்துவது என் தொழில், அக்கா. இருப்பதைவிட விடுபட்டதுதான் என் கண்ணில் முதலில் படும்.

அந்த உரையிலிருந்து சில இடங்களை அப்படியே எழுதுகிறேன். படித்தால் உனக்கு ஏதாவது நினைவுக்கு வரலாம். பாட்டில் உள்ள சொல்லை எடுத்துவைத்து அத்தா விளக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்.

'கதவு: கருணைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விலகிப் போனவன் தட்டிவிட்டுக் காத்து நிற்கும் நிலை வரக்கூடாது.

'செருப்பு: போகிறவன் அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனது. அதை அவன் அறியான். நடக்கும்போதெல்லாம் அவன் காலில் இருப்பது அவனுக்குரியவனே.

'உப்பு: முதுகில் சுமந்தவனுக்கு உப்பு ஒரு பாரம். நாக்கில் வைத்தவனுக்கு ருசி. கண்ணிலிருந்து வந்தால் அது வேறு.'

பேராசிரியர் செருப்புக்கு மட்டும் முன்னுரையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆன்மா தனக்குச் சொந்தமில்லாத உடலை மாட்டிக்கொண்டு உலகத்தில் அலைவதுதான் மாற்றிப் போட்ட செருப்பாம். தமிழில் இப்படி ஒரு உருவகம் வேறெங்கும் இல்லை என்கிறார். பாட்டைக் கொண்டா, பாட்டைக் கொண்டா என்று வாரத்துக்கு இரண்டு தடவை போன்.

யாரோ ஒரு மடையன் அதையும் தம்ளரில் கரைத்துக் குடித்திருந்தால் என் வயிறு எரியும். ஒரு மனிதர் ஆயுசு முழுவதும் எழுதியதைக் கஷாயம் மாதிரி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போன கூட்டம் அது. மருந்து எது, மை எது என்று தெரியாதவர்களை மன்னிக்கலாம். மருந்துக் கவுண்டரில் நிற்கிற நீயாவது நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாம்.

தச்சர் ஊருக்கு வந்துவிட்டாரா?

தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்காலில் நீர் எடுத்தார்கள். கவலைப்படாதே, இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். உன் மச்சான் இரண்டு வாரம் சமைத்தார், அதிலிருந்தும் பிழைத்துவிட்டேன்.

நீ எழுதி அனுப்பிய உரையைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ வீட்டைவிட்டுப் போன புதிதில் அத்தா உனக்குக் கடிதம் போட்டாரே, அவை உன்னிடம் இருக்கின்றனவா?

இத்துடன் இன்னும் இரண்டு பாட்டு வைத்திருக்கிறேன். தபால்காரர் தன்னுடையதைத் தானே படியெடுத்துக் கொடுத்தார். கையெழுத்து மோசம், உனக்குப் பழக்கம்தானே.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

ஸலாம். கால் தேறியது கேட்டு நிம்மதி. சொல்லாமல் இருந்துவிட்டு நீர் எடுத்த பிறகு சொல்வது என்ன பழக்கம்?

நான் கேட்பது ஒன்று, நீ சொல்வது ஒன்று. அந்தக் கடிதங்கள் இப்போது எதற்கு? மூன்று வந்தன. முதல் இரண்டும் வசவு. தொழுகிறாயா, சாப்பிடுகிறாயா, பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா. இரண்டையும் கிழித்துப் போட்டேன். மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை. 'வேண்டாம்' என்று உறையின் மேல் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் செய்யத் தோன்றியது. இதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் முடிவுக்கு வந்துவிட்டேன். நாற்பத்தொன்று யாருக்கு எழுதியது என்று உனக்குத் தெரியும். யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆறு மாதமாக என்னைச் சுற்றலில் விட்டிருக்கிறாய். யாரைக் காப்பாற்றுகிறாய்? அவர் என்ன, பஸ் டிரைவரைவிட வெட்கப்படுகிறவரா? எதுவானாலும் நேராகச் சொல். பேராசிரியர் செப்டம்பருக்குள் தகவல் வேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம்.

உன்னிடம் நான் கேட்டது இரண்டே வேலை. ஒரு பாட்டு, ஒரு தாழ்ப்பாள். இரண்டையும் நீ செய்யவில்லை.

தம்பி


செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் உடம்பும் உன் மனைவியின் உடம்பும் நன்றாக இருக்கட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இதைப் படி.

தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. தச்சர் போன செவ்வாய்க்கிழமை வந்தார். பழையதைத் துருப்பிடித்த திருகாணியோடு மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அதையே மாட்டிவிட்டார். உன் இரண்டு வேலையில் ஒன்று முடிந்தது.

மற்றொன்று இனி முடியாது. நாற்பத்தொன்று உனக்கு எழுதியது. நீ திருப்பி அனுப்பினாயே, அந்த உறைக்குள் இருந்தது.

அது திரும்பி வந்த அன்று அத்தா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தபால்காரர் நீட்டினார். 'வேண்டாம்' என்ற உன் எழுத்தைப் பார்த்தார். பாடத்தை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார். எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது என்னோடது இல்ல. அவன் கேட்டா கொடு. கேக்காம கொடுக்காதே, நான் ஒரு தடவ நீட்டியாச்சு" என்றார். அன்று சாயங்காலம்தான் திருப்புளி எடுத்து வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். உரை எழுத ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். பதினொரு பக்கமும் உறை திரும்பிய பிறகு எழுதியது. நீ படிக்காததால் தானே படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நீ கேட்பாய் என்று ஒன்பது வருடம் காத்திருந்தோம். அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்த மறுநாள் நீ வந்தாய். கொடுத்துவிடலாம் என்று உள்ளே போய் எடுத்துக்கொண்டும் வந்தேன். நீ முற்றத்தில் நின்று எல்லோர் முன்னாலும், "ஊருக்கெல்லாம் எழுதினவருக்கு என் பேரு மட்டும் எழுத வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவன் கேட்கட்டும், வாயைத் திறந்து கேட்கட்டும் என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அது என் தப்பு. சாயங்கால பஸ்ஸுக்கே நீ போய்விட்டாய்.

இரண்டு வருடம் கழித்து உனக்கு மூளைக்காய்ச்சல் வந்ததே. உன் மனைவி போனில் அழுதாள். பதினோராவது நாளாகக் கண் திறக்கவில்லை, டாக்டர் வீட்டாரை வரச் சொல்கிறார் என்றாள். ரயில் வேலைநிறுத்தம். பஸ் பாலத்தோடு நின்றுவிட்டது. உன் மச்சான் நான்கு இடத்தில் வண்டி கேட்டுவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு உன்னிடம் வர வழியில்லை, உன் பொருள் மட்டும் என்னிடம் இருந்தது.

உறையைப் பிரித்தேன். உன்னுடையது என்பதால் படிக்கவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்துத் தண்ணீரில் விட்டேன். மை பிரிந்து காகிதம் வெளுக்கும்வரை விரலால் அலசினேன். உனக்குப் பதிலாக நான் குடித்தேன்.

தினமும் முந்நூறு பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள் மையைக் குடித்தாள் என்று நீ சிரிக்கலாம். மறுநாள் மத்தியானம் நீ கண் திறந்தாய் என்று போன் வந்தது. அதனால்தான் என்று நான் சொல்லவில்லை, உனக்கு அங்கே நல்ல ஊசி போட்டார்கள். அதனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

'யாரோ ஒரு மடையன்' என்று நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு மாதத்துக்குமேல் ஆனது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

திருப்பிக்கொள்வதற்கு முன்னால் மேலே இருந்த ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டது. அதை மட்டும் சொல்லலாம். 'வாலுவுக்கு' என்று எழுதியிருந்தார்.

அக்கா


செப்டம்பர் 16

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது என்னால் எதுவும் எழுத முடியாது.


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் கால் எப்படி? மச்சான் சமைப்பதை நிறுத்திவிட்டாரா? நான் ஒன்றரை மாதம் எழுதவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி நன்றாகப் பொய் சொல்வதில்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

முதல் பத்து நாள் உன்மேல் கோபம். அடக்கத்துக்கு மறுநாள் என் கையில் திணித்திருக்கக் கூடாதா? நான் திட்டியிருப்பேன், எறிந்திருப்பேன், பிறகு பொறுக்கிக்கொண்டிருப்பேன். என்னைத் தெரியாதா உனக்கு? அடுத்த பத்து நாள் அத்தாமேல் கோபம். 'அவன் கேட்டால் கொடு' என்றாராமே. கேட்டுவிட்டுத்தானே நான் வெளியே போனேன். அதற்குப் பிறகு கோபப்பட ஆள் மிச்சமில்லாமல் என்னிடமே வந்து நின்றது. 'வேண்டாம்' என்று எழுதியது என் கை. எத்தனையோ பேரின் பிழையைத் திருத்திய கை. அந்த ஒரு சொல்லைத் திருத்த ஒன்பது வருடம் இருந்தது, திருத்தவில்லை.

பிறகு பதினொரு பக்கத்தை மறுபடி எடுத்தேன். மூன்று ப்ரூஃபில் மூன்று தடவை படித்த பக்கங்கள். ஆன்மா, உடல் என்று எண்ணிக்கொண்டே கமா சரிபார்த்திருக்கிறேன். அக்கா, அன்றைக்கு நான் அத்தாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் பார்த்தேன். எனக்குப் பெரிது, நடந்தால் தட்டுத்தட்டென்று சத்தம் வரும். திரும்பிப் போய் மாற்ற ரோஷம் விடவில்லை. இந்த ஊருக்கு வந்து வேலை தேடிய நாளெல்லாம் அதைத்தான் போட்டு நடந்தேன், வார் அறுந்த பிறகு குப்பையில் போட்டேன். அவர் உருவகம் எழுதவே இல்லை. என் மகன் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான் என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். அதைக்கூட நேராகச் சொல்ல வராமல் உரையில் ஆன்மாவையும் இறைவனையும் கூட்டிக்கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார். அல்லது அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். கேட்க ஆளில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "உங்க வருத்தம் புரியுது. ஆனா அது குடும்ப விஷயம். வாசகனுக்கு ஆன்மாவே இருக்கட்டும், நாலு பக்கம் எழுதியாச்சு" என்றார். சண்டை போட்டேன். பதிப்பாளர் அவர் பக்கம். நான்கு பக்கமும் அப்படியே வருகிறது, அதில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவது என் வேலை. திருத்திவிட்டேன்.

இருபத்திரண்டு பாட்டோடு புத்தகம் போகிறது. நாற்பத்தொன்றுக்குப் பாட்டு இல்லை, உரை மட்டும்தான். தலைப்பில் யாருக்கு என்ற இடத்தைக் காலியாக விட வேண்டாம் என்று நான் கடைசி ப்ரூஃபில் 'வாலுவுக்கு' என்று சேர்த்துவிட்டேன்.

பேராசிரியர் பார்த்துவிட்டார். "இது யாரு?" என்றார்.

"ப்ரூஃப் பாக்குற ஆளு சார்" என்றேன். அப்படியே விட்டுவிட்டார்.

நீ குடித்ததைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. மடையன் என்று எழுதியதை மட்டும் அடித்துவிடு. பதினோராவது நாளுக்கு மறுநாள் எனக்கு நினைவு வந்தபோது வாயில் கசப்பாக இருந்தது, மருந்துதான் என்று நர்ஸ் சொன்னாள். மருந்தாகவே இருக்கட்டும்.

இருபதாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். அந்தத் தாழ்ப்பாளை நான்தான் மூன்று தடவை போடச் சொன்னேன். இப்போது கழற்றச் சொல்கிறேன். தச்சர் திட்டினால் என் பெயரைச் சொல்.

வாலு


நவம்பர் 11

அன்புத் தம்பி வாலுவுக்கு,

ஸலாம். வரும்போது மாத்திரையைப் பையில் வைக்க மறக்காதே. இங்கே எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. படியும் இப்போது ஏறுகிறேன்.

தச்சர் வந்தார். "போடவா கழட்டவா, ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்றார். கழற்றிவிட்டுப் போனார். உன் மச்சான் துளைகளுக்கு மெழுகு வைத்து அடைத்துவிட்டு, பெரிய வேலை செய்தவர் மாதிரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

நீ அன்று விட்டுவிட்டுப் போன செருப்பு கட்டிலுக்கடியில் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் அத்தா அதைத்தான் போட்டுக்கொண்டு தொழுகைக்கும் கடைக்கும் போனார், குதிகால் பாதி வெளியே நிற்கும். புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன், இது போதும் என்றார். பின்பக்கம் நசுங்கியிருக்கும், நீ நசுக்கியது என்று நினைத்துவிடாதே.

அக்கா